தாய்லாந்தின் 30 பாட் திட்டம்: அட்டை கைக்கு வந்ததும் மருத்துவமும் வந்ததா?

2001 ஏப்ரலில் தாய்லாந்தின் ஆறு மாகாணங்களில் ஒரு புது நடைமுறை தொடங்கியது. பயாவோ, யசோதோன், நக்கோன் சவான், பதும்தானி, சமுத் சாக்கோன், யலா ஆகிய அந்த மாகாணங்களில், வேறெந்தக் காப்பீடும் இல்லாத ஒருவர் தன் பெயர் பதிந்துள்ள மருத்துவமனைக்குப் போய் 30 பாட் கட்டினால் போதும். சாதாரணக் காய்ச்சலானாலும் குடல்வால் அறுவையானாலும் அதற்குமேல் பணம் கேட்க மாட்டார்கள். ஜூனில் மேலும் 15 மாகாணங்கள் சேர்ந்தன. அக்டோபரில் ஏறத்தாழ நாடு முழுவதும் வந்தது. பாங்காக்கின் மிச்சப் பகுதிகள் 2002 ஏப்ரலில் இணைந்தன. அன்றைய மதிப்பில் 30 பாட் என்பது முக்கால் டாலருக்கும் குறைவு.

ஓராண்டுக்குள் ஒரு நாடு தன் மக்கள் எல்லோரையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது அபூர்வம். அதனால்தான் இந்த நிகழ்வை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அனைவருக்கும் காப்பீடு கொடுத்தால் அனைவருக்கும் மருத்துவம் எட்டுமா என்ற கேள்விக்குத் தாய்லாந்து தரும் பதில் ‘எட்டும்’ என்பதே. ஆனால் எட்டியதற்கு அட்டை மட்டும் காரணமில்லை. அட்டைக்குப் பின்னால் மருத்துவமனைக்கு ஓடிய பணம் ஒரு காரணம். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பிருந்தே ஊர் ஊராகக் கட்டி, ஆள் போட்டு வைத்திருந்த மருத்துவமனைகள் இன்னொரு காரணம். இந்த மூன்றில் ஒன்று குறைந்த இடத்தில், அட்டை வைத்திருந்தவரும் மருத்துவமனைக்கு வெளியேதான் நின்றார்.

யாரிடம் என்ன இருந்தது

2001க்கு முன் அந்த நாட்டில் காப்பீடே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நான்கு திட்டங்கள் இருந்தன. அரசு ஊழியருக்கும் அவருடைய பெற்றோர், துணை, பிள்ளைகளுக்கும் மருத்துவச் செலவை அரசே ஏற்கும் திட்டம் ஒன்று. தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று. 1975இல் தொடங்கிய ஏழையர் மருத்துவ அட்டை மூன்றாவது. பிற்பாடு முதியோரும் சிறுவரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். நான்காவது, விருப்பப்பட்டவர் வாங்கிக்கொள்ளும் நல அட்டை. 1983இல் தொடங்கிய இந்த அட்டைக்கு 1990களில் ஒரு குடும்பம் 500 பாட் கட்டியது. அரசும் 500 போட்டது.

இத்தனை இருந்தும் ஏறத்தாழ 30 சதவீத மக்கள், சுமார் 1.8 கோடிப் பேர், எதிலும் சேராமல் இருந்தார்கள். சிறு விவசாயிகள், கூலிக்குப் போவோர், தள்ளுவண்டி வியாபாரிகள், சொந்தமாகச் சிறுதொழில் செய்வோர். ஏழை அட்டை கிடைக்கும் அளவுக்கு வருமானம் குறைவில்லை; சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும் வேலையும் இல்லை. எந்த நாட்டிலும் காப்பீட்டு வலையில் ஓட்டை விழுவது இந்த இடத்தில்தான். கீழே உள்ளவருக்கு அரசு, மேலே உள்ளவருக்கு முதலாளி. நடுவில் இருப்பவருக்கு யாரும் இல்லை.

விருப்ப அட்டை ஏன் தேறவில்லை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விருப்பம் என்று விட்டால், மழை இருட்டிய பிறகு குடை வாங்குவது போலத்தான் நடக்கும். பிரசவம் நெருங்கும் குடும்பம் வாங்கும். நீரிழிவு உள்ள குடும்பம் வாங்கும். உடம்பு நன்றாக இருப்பவர் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். செலவு நிச்சயம் என்று தெரிந்தவர்களே நிதியில் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு 1,000 பாட் எந்த மூலைக்கும் போதாது. விலையை ஏற்றினால் இன்னும் ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள், மிச்சமிருப்போரின் சராசரிச் செலவு மறுபடி ஏறும். பிரசாரத்தாலோ விளம்பரத்தாலோ இது தீராது. எல்லோரையும் தாமாகவே உறுப்பினராக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஏழையர் அட்டையின் கோளாறு வேறு வகை. பட்டியலில் தகுதியில்லாதவர்கள் நுழைந்ததும் தகுதியுள்ளவர்கள் விடுபட்டதும் ஒருபுறம். இன்னொருபுறம், அந்த அட்டைக்காரருக்காக மருத்துவமனைக்கு வந்த தொகை மிகச் சொற்பம். ஆகவே அவர் மருத்துவமனையின் கண்ணில் நஷ்டக் கணக்கு. சட்டப்படி இலவசம்; நடைமுறையில் கடைசி வரிசை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முடிவுகளைப் பார்க்கும்போது இதுதான் முக்கியமாகப் போகிறது.

கட்டடமும் ஆளும் முதலில்

1972இல் தாய்லாந்து தன் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயக் கிராமப் பணியைக் கொண்டுவந்தது. படிப்பு முடித்ததும் மூன்றாண்டு அரசுப் பணி, மீறினால் அபராதம். 400,000 பாட் என்று அது நிர்ணயிக்கப்பட்டபோது பெரும் தொகை. பல ஆண்டுகளாக மாறாததால், தனியார் மருத்துவமனைச் சம்பளம் ஏறிய காலத்தில் எளிதாகக் கட்டிவிட்டுப் போகக்கூடிய தொகையாகிவிட்டது. அபராதத்தைச் சட்டத்தில் எழுதுபவர்கள் விலைவாசியை மறந்தால் வரும் வினை இது.

அடுத்த முடிவு அதைவிடத் துணிச்சலானது. 1982 முதல் 1986 வரை, மாகாணத் தலைநகரங்களில் உள்ள பெரிய மருத்துவமனைகளின் புதுக் கட்டடச் செலவை நிறுத்திவைத்து, அந்தப் பணத்தை மாவட்ட மருத்துவமனைகளுக்கும் கிராமச் சுகாதார நிலையங்களுக்கும் திருப்பினார்கள். நகரத்துப் பேராசிரியர்களும் அரசியல்வாதிகளும் விரும்பாத முடிவு. ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ எல்லா மாவட்டத்திலும் ஒரு மருத்துவமனை வந்தது: 10 படுக்கையில் தொடங்கி 30, 60, 90, 120 வரை, சராசரியாக 50,000 மக்களுக்கு ஒன்று. அதற்குக் கீழே தாம்போன் எனப்படும் ஊராட்சி ஒவ்வொன்றிலும் ஒரு சுகாதார நிலையம். சுமார் 5,000 பேருக்கு மூன்று முதல் ஐந்து ஊழியர்கள். பெரும்பாலும் செவிலியரும் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரும், மருத்துவர் கிடையாது.

1970களின் இறுதியில் புறநோயாளிகளில் பாதியை ஒட்டிய பங்கு மாகாண மருத்துவமனைகளில்தான் குவிந்தது. 2000 வாக்கில் பாதியை ஒட்டிய பங்கு அடிமட்டச் சுகாதார நிலையங்களுக்கு மாறியிருந்தது. காப்பீடு வருவதற்கு முன்பே கூட்டம் பரவிவிட்டது. 2001இல் 1.8 கோடிப் பேர் புதிதாக உள்ளே வந்தபோது போவதற்கு ஓர் இடம் இருந்தது; பஸ் ஏறி நூறு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கவில்லை. வேறு பல நாடுகள் அட்டையை அச்சடித்துவிட்டு, ‘மக்கள் ஏன் பயன்படுத்தவில்லை’ என்று கேட்டதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

1,202 பாட் எப்படிப் பிரிந்தது

டாக்டர் சங்குவான் நித்தயாரம்போங் என்ற சுகாதார அதிகாரி பல ஆண்டுகளாக வரைந்து வைத்திருந்த திட்டத்தை, 2001 தேர்தலில் தக்சின் ஷினவத்ராவின் கட்சி தன் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டது. சங்குவான் சொன்ன வழியில் சந்தா கிடையாது. முறைசாரா வேலை செய்யும் கோடிக்கணக்கானவர்களிடம் மாதாமாதம் சந்தா வசூலிக்க ஆகும் செலவு, வசூலாகும் தொகையை விழுங்கிவிடும். வசூல் நின்றால் காப்பீடும் நின்றுவிடும். ஆகவே முழுப் பணமும் பொது வரியிலிருந்து. ஏழையர் அட்டை, விருப்ப அட்டை இரண்டும் கலைக்கப்பட்டு அவற்றின் நிதி புதிய திட்டத்தில் கலந்தது. 2002 நவம்பரில் தேசிய உடல்நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பணத்தைக் கையாள அமைச்சகத்திலிருந்து தனியாக ஓர் அலுவலகம் உருவானது. சங்குவான் அதன் முதல் பொதுச் செயலர். 2008 ஜனவரியில் காலமாகும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஒருவருக்கு ஓராண்டுக்கு 1,202 பாட் என்று தொடக்கத்தில் கணக்கிட்டார்கள். புறநோயாளிச் சிகிச்சைக்கு 574, உள்நோயாளிக்கு 303, தடுப்பூசி, கர்ப்பகாலக் கவனிப்பு முதலான நோய்த்தடுப்புக்கு 175, கட்டடம் கருவிகளுக்கு 93, அதிகச் செலவு பிடிக்கும் சிகிச்சைக்கு 32, விபத்துக்கும் அவசரத்துக்கும் 25. கிட்டத்தட்டப் பாதித் தொகை புறநோயாளிக்கு. இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். படுக்கையில் சேர்ந்தால் மட்டுமே பணம் தரும் காப்பீடுகள் உலகில் ஏராளம். அங்கே ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதாமாதம் கைக்காசு போடுபவர், பக்கவாதம் வந்து விழுந்த பிறகுதான் காப்பீட்டின் பயனைப் பார்க்கிறார்.

பணம் போன வழி இரண்டு. புறநோயாளித் தொகை, பதிவு செய்த ஆட்களின் தலைக்கணக்கில் முன்கூட்டியே போனது. மாவட்ட மருத்துவமனையும் அதன்கீழ் உள்ள சுகாதார நிலையங்களும் சேர்ந்து ஓர் ஒப்பந்த அலகு. அந்த அலகில் 50,000 பேர் பதிந்திருந்தால் 50,000 தலைக்கான தொகை. யார் எத்தனை முறை வந்தாலும் இதே பணத்துக்குள் பார்க்க வேண்டும். உள்நோயாளித் தொகை வேறு வழியில் போனது. ஒவ்வொரு நோய்க்கும் அறுவைக்கும் டிஆர்ஜி என்ற வகைப்படுத்தலில் ஒரு எடை உண்டு. ஒரு வட்டாரத்துக்கு ஒதுக்கிய மொத்தத் தொகையை, அந்த வட்டார மருத்துவமனைகள் சேர்த்த மொத்த எடையால் வகுத்து, ஓர் எடைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நிதியில் 10 கோடி பாட் இருக்கிறது. மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து 10,000 எடைக்குச் சிகிச்சை செய்தால் ஓர் எடைக்கு 10,000 பாட். எல்லோரும் தேவையில்லாமல் நோயாளிகளைப் படுக்கையில் சேர்த்து 12,000 எடை காட்டினால் ஓர் எடைக்கு 8,333தான். அரசின் செலவு ஒரு காசுகூட ஏறாது. மருத்துவமனைகள் தங்களுக்குள்தான் பங்கைக் குறைத்துக்கொள்கின்றன. செலவு கட்டுக்குள் நிற்பதற்கு இந்தப் பூட்டுதான் காரணம். ஆனால் பூட்டு கட்டுப்படுத்துவது அரசின் செலவை மட்டுமே. நோய் உண்மையிலேயே பெருகினால், சுமை மருத்துவமனையின் தலையிலும் அங்கே நிற்கும் ஊழியர் தலையிலும் விழும்.

கணக்கு தவறிய இடங்கள்

முதல் ஆண்டிலேயே தவறியது. தொடக்கத்தில் இரண்டு முறைகளில் ஒன்றை மாகாணங்களே தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டார்கள். ஒரு முறையில் உள்நோயாளிப் பணமும் சேர்த்து மாவட்ட மருத்துவமனையின் கையில். நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால், அந்தச் செலவை மாவட்ட மருத்துவமனைதான் கட்ட வேண்டும். என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை: அனுப்ப வேண்டியவரை அனுப்பாமல் வைத்துக்கொள்ளும் ஆசை வரும். இந்த முறையைக் கைவிட்டு, உள்நோயாளிப் பணத்தைத் தனி நிதியாகப் பிரித்தது நல்ல திருத்தம். ஆனால் புறநோயாளியை மேல் சிகிச்சைக்கு அனுப்பும் செலவு அனுப்பும் அலகின் கணக்கிலேயே தொடர்ந்தது. அந்த இடத்தில் உரசல் இன்றுவரை தீரவில்லை.

இரண்டாவது தவறு சம்பளம். 1,202 பாட்டுக்குள் ஊழியர் சம்பளமும் அடக்கம். தலைக்கணக்கில் பணம் பிரித்தபோது, மக்கள் நிறைய, மருத்துவர் குறைவாக உள்ள வடகிழக்கு மாகாணங்களுக்குப் பணம் கூடியது, அதைத்தான் திட்டமிட்டார்கள். ஆனால் ஊழியர் அதிகமுள்ள மத்தியப் பகுதி மாகாணங்களில் சம்பளம் போக மருந்து வாங்கப் பணம் மிஞ்சவில்லை. பணம் நகர்ந்தது, ஆட்கள் நகரவில்லை. அரசு ஊழியரை ஓராண்டில் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் குடிவைக்க முடியாது. கடைசியில் அவசர நிதி ஒன்றை ஒதுக்கி அந்த மருத்துவமனைகளைத் தாங்கிப்பிடிக்க வேண்டியிருந்தது. சம்பளக் கணக்கையும் தளர்த்தினார்கள். நியாயமான பங்கீட்டின் வேகம் அதனால் குறைந்தது. படிப்படியாகப் பல ஆண்டுக் கால அட்டவணை போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பது எங்கள் கணிப்பு.

தொகையும் போதவில்லை. இரண்டாம் ஆண்டும் அதே 1,202 பாட். ஒரு காசு கூட்டவில்லை. வருகை கூடியது, பணம் கூடவில்லை. நாள் முழுக்க நோயாளி பார்த்துக் களைத்த கிராமப்புற மருத்துவர்கள் பலர் விலகித் தனியார் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். வெளிநாட்டு நோயாளிகளை ஈர்க்கும் தொழில் அதே காலத்தில் பாங்காக்கில் வளர்ந்துகொண்டிருந்தது. பின்னர் கிராமப்புறப் படியை உயர்த்தியும், உள்ளூர் மாணவர்களை எடுத்துப் படிக்க வைத்து அந்த ஊருக்கே அனுப்பும் திட்டங்களை விரிவாக்கியும் ஓரளவு சமாளித்தார்கள். தலைத் தொகை மெல்ல ஏறி 2012இல் 2,755.60 பாட் ஆனது.

எண்கள் சொல்வது

இத்தனைத் தடுமாற்றத்துக்குப் பிறகும் மக்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். உறுப்பினர் ஒருவர் ஆண்டுக்குப் புறநோயாளியாக வந்த சராசரி 2003இல் 2.45 முறை, 2010இல் 3.22. படுக்கையில் சேர்ந்தது நூறு பேருக்கு 9.4லிருந்து 11.6 ஆனது. 2010இல் எடுத்த கணக்கெடுப்பில், புறநோயாளிச் சிகிச்சை தேவைப்பட்டும் பெற முடியாமல் போனதாகச் சொன்னவர்கள் 1.44 சதவீதம், உள்நோயாளியாகச் சேரத் தேவையிருந்தும் முடியாதவர்கள் 0.4 சதவீதம். பணக்கார நாடுகளோடு வைத்துப் பார்த்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லாத எண்கள்.

கைக்காசுச் செலவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மருத்துவச் செலவால் வறுமைக்கோட்டுக்குக் கீழே தள்ளப்பட்ட குடும்பங்கள் 2000இல் 2.71 சதவீதம், 2009இல் 0.49. மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில், மருத்துவச் செலவு குடும்பத்தையே உலுக்கும் அளவுக்குப் போனது 1990களின் நடுவில் 6.8 சதவீதம், 2008இல் 2.8. நிலத்தை அடமானம் வைக்காமல் அம்மாவுக்கு அறுவை செய்துகொள்ள முடிந்தது என்பதுதான் இந்தப் புள்ளிகளின் பொருள். ஒரு திட்டத்தால் இதைச் சாதிக்க முடிந்தது என்பதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது.

இனி, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன விஷயம். 2014இல் மூன்று பொருளியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 30 பாட் திட்டத்துக்குப் பின் ஏழைகளிடையே குழந்தை இறப்பு 13 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது என்பது அதன் கண்டுபிடிப்பு. வியப்பு என்னவென்றால், அந்த ஏழைகளில் பலருக்குப் புதிதாக அட்டை கிடைக்கவில்லை. ஏழையர் அட்டை அவர்களிடம் முன்பே இருந்தது; அவர்களுக்கு மருத்துவம் முன்பும் இலவசம். மாறியது, அவர்களுக்காக மருத்துவமனைக்குப் போன தொகை. பழைய ஏழையர் திட்டத்தின் சொற்பத் தொகை இருந்த இடத்தில், எல்லோருக்கும் போலவே 1,202 பாட் வந்தது. நஷ்டக் கணக்காக இருந்தவர் முழுக் கணக்கானார். காய்ச்சலில் துவளும் குழந்தையைத் தூக்கி வந்த தாயைத் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொள்ள மருத்துவமனைக்கு வசதியும் காரணமும் கிடைத்தன. காப்பீட்டின் பயனை நோயாளியின் பையில் மட்டும் தேடுபவர்கள் இந்தப் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

மற்ற நாடுகளின் அனுபவம் இதோடு ஒத்துப்போகிறது, எல்லையையும் காட்டுகிறது. தைவானில் 1995 மார்ச் 1 அன்று தேசியக் காப்பீடு வந்தது. அதற்குமுன் ஏறத்தாழ ஐந்தில் இருவர் காப்பீடு இல்லாதவர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களின் மருத்துவர் வருகை இரு மடங்குக்குமேல் உயர்ந்து, ஏற்கெனவே காப்பீடு இருந்தவர்களின் அளவைத் தொட்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2008இல் குலுக்கல் முறையில் ஏழைகளுக்குக் காப்பீடு கொடுத்தது; குலுக்கல் என்பதால் ஒப்பீடு மிகத் தூய்மையானது. அங்கே புறநோயாளி வருகை 35 சதவீதம், மருத்துவமனையில் சேர்வது 30 சதவீதம் கூடின. அவசரப் பிரிவுக்கு வருவதுகூடக் குறையாமல் 40 சதவீதம் ஏறியது. மனச்சோர்வும் கடன் தொல்லையும் தெளிவாகக் குறைந்தன. இரண்டு ஆண்டு கழித்து அளந்தபோது ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவுகளில் மட்டும் திட்டவட்டமான மாற்றம் தெரியவில்லை. மருத்துவம் எட்டுவது வேறு, அந்த நோய் கட்டுக்குள் வருவது வேறு. முன்னது பின்னதற்குத் தேவை; அதுவே போதாது. தாய்லாந்திலும் 2009இல் எடுத்த தேசிய உடல்நலப் பரிசோதனையில், உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியவில்லை. வலிக்காத நோய்க்கு யாரும் தாமாக வரிசையில் நிற்பதில்லை.

அட்டை இருந்தும் எட்டாதவை

சிறுநீரகம் செயலிழந்தவரின் கதை இதற்குக் கடுமையான சாட்சி. தொடக்க ஆண்டுகளில் டயாலிசிஸும் சிறுநீரக மாற்றும் திட்டத்தில் இல்லை. செலவு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். அரசு ஊழியருக்கும் நிறுவனத் தொழிலாளிக்கும் உண்டு, 30 பாட் அட்டைக்காரருக்கு இல்லை. வாரம் இரண்டு மூன்று தடவை ரத்த டயாலிசிஸுக்குக் கைக்காசு கட்டி, வீடு நிலம் விற்று, அதற்குமேல் முடியாமல் நிறுத்தியவர்கள் உண்டு. நோயாளிகள் திரண்டு குரல் கொடுத்த பிறகு 2008 ஜனவரியில் சேர்த்தார்கள்.

சேர்த்த விதம் பாடம் சொல்லக்கூடியது. நாட்டில் ரத்த டயாலிசிஸ் இயந்திரங்களும் அதற்கான செவிலியரும் நகரங்களில் மட்டுமே போதிய அளவு இருந்தன. ஆகவே முதல் சிகிச்சை வயிற்று வழி டயாலிசிஸ் என்று முடிவு செய்தார்கள். வயிற்றில் பொருத்திய குழாய் வழியே திரவத்தை ஏற்றி இறக்கும் வேலையை நோயாளியோ வீட்டாரோ கற்றுக்கொண்டு நாளுக்கு நான்கு முறை வீட்டிலேயே செய்யலாம். திரவப் பைகளை அரசு மருந்து நிறுவனம் வாங்கி, தபால் துறை வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டது. மலைக்கிராமத்துக்கும் மருத்துவம் போன வழி அது. இதில் தவறுவது எங்கே என்றால் கையின் சுத்தத்தில். குழாய் மாற்றும்போது கிருமி புகுந்தால் வயிற்று உறைக்குள் தொற்று வந்துவிடும். குறுகிய வீட்டில், கண் மங்கிய முதியவர், துணைக்கு ஆள் இல்லாமல் செய்யும்போது இந்த ஆபத்து கூடும். 2022 பிப்ரவரியில், எந்த முறை வேண்டும் என்பதை நோயாளியும் மருத்துவருமே முடிவு செய்யலாம் என்று விதியை மாற்றினார்கள். ரத்த டயாலிசிஸ் பக்கம் கூட்டம் வேகமாகச் சாய்ந்தது. செலவும் இயந்திரத் தேவையும் ஏறின. நோயாளிக்குத் தேர்வுரிமை வேண்டும் என்பது நியாயம். ஆனால் செவிலியரும் இயந்திரமும் கூடாமல் உரிமை மட்டும் கூடினால், அந்த உரிமை நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே முதலில் போய்ச் சேரும்.

எச்ஐவி மருந்துகளில் தடை வேறு: விலை. அவற்றைத் திட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு, காப்புரிமை பெற்ற மருந்தின் விலை நிதியை விழுங்கும் என்று தெரிந்தது. 2006 நவம்பரில் எஃபாவிரென்ஸ் மருந்துக்கும், 2007 ஜனவரியில் லோபினாவிர்-ரிட்டோனாவிர் கூட்டு மருந்துக்கும், இதய நோய்க்கான குளோபிடோக்ரெலுக்கும் அரசு கட்டாய உரிமம் பிறப்பித்தது; அதாவது, காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனம் சம்மதிக்காவிட்டாலும் அதே மருந்தை மலிவாகத் தயாரிக்கவோ வாங்கவோ அனுமதிக்கும் ஆணை. உலக வணிகச் சட்டம் அனுமதிக்கும் வழிதான். வெளியிலிருந்து வந்த நெருக்குதல் கடுமையாக இருந்தும் பின்வாங்கவில்லை. அட்டையின் பின்பக்கத்தில் எழுதிய வாக்குறுதியைக் காப்பாற்ற, மருந்தின் விலையைத் தொடும் துணிச்சலும் வேண்டியிருக்கிறது.

யாருக்கு அட்டை என்ற கேள்வியில் ஒரு பெரிய காயம் விழுந்தது. 2002 சட்டத்தின் உரிமை குடிமக்களுக்கு மட்டும் என்று பொருள்கொள்ளப்பட்டதால், தலைமுறை தலைமுறையாக எல்லையோர மலைகளில் வாழ்ந்தும் குடியுரிமைத் தாள் இல்லாதவர்கள், முன்பு ஏழையர் அட்டையில் கிடைத்துவந்த சிகிச்சையையும் இழந்தார்கள். அவர்கள் வந்தால் மருந்து கொடுத்தது எல்லை மாவட்ட மருத்துவமனைகள்தான், தங்கள் கைப்பணத்தில். 2010 மார்ச்சில்தான் அமைச்சரவை சுமார் நாலரை லட்சம் பேருக்குத் தனி நிதி ஒதுக்கியது. எட்டு ஆண்டுகள். ‘அனைவருக்கும்’ என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதும்போது, யாரை விட்டு எழுதுகிறோம் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

பாங்காக்கின் சிக்கலோ நேர் எதிர்த் திசையில். அங்கே கிராமங்களில் இருப்பது போன்ற மாவட்ட மருத்துவமனை வலை இல்லை. முதல்நிலைச் சிகிச்சைக்குத் தனியார் கிளினிக்குகளோடு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. நோய்த்தடுப்புப் பரிசோதனைக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனியாகக் கொடுத்த பணத்தில், செய்யாத பரிசோதனைக்குக் கணக்குக் காட்டிய கிளினிக்குகள் 2020இல் பிடிபட்டு ஒப்பந்தங்கள் ரத்தாயின. தண்டனை நியாயம், ஆனால் அங்கே பதிந்திருந்த பல லட்சம் பேர் ஒரே இரவில் தங்கள் முதல்நிலை மருத்துவமனை இல்லாதவர்களானார்கள். ஒப்பந்தத்தை முறிக்கும் முன் பதிவை எங்கே மாற்றுவது என்ற ஏற்பாடு கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தேவையில்லை.

அந்த 30 பாட்டின் கதையையும் சொல்ல வேண்டும். 2006 நவம்பரில் அதை ரத்து செய்தார்கள். 2012இல் ஏழைகளுக்கும் இன்னும் பல பிரிவினருக்கும் விலக்கு அளித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நிதியில் அதன் பங்கு அற்பம். நோயாளியின் உண்மையான செலவு வேறு: பஸ் கட்டணம், துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி, காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்று மதியம் வரை காத்திருக்கும் நேரம். கட்டணம் பூஜ்யம் ஆன பிறகும் இவை அப்படியே இருந்தன. அதோடு திட்டம் தந்த இரண்டு சிறு ஏற்பாடுகள் கவனிக்கத்தக்கவை. 1330 என்ற எண்ணை அழைத்தால் உரிமை எது, எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். மறுத்த மருத்துவமனை மீது புகாரும் எடுப்பார்கள். சட்டத்தின் 41ஆம் பிரிவு, சிகிச்சையில் தீங்கு நேர்ந்தவருக்கு யார் தவறு என்று நிரூபிக்கச் சொல்லாமலே இழப்பீடு தரச் சொல்கிறது. இப்போது அதன் உச்சவரம்பு 400,000 பாட். எழுத்தில் உள்ள உரிமையைக் கேட்டுப் பெறத் தெரியாதவருக்கு இந்த எண்ணும் இந்தப் பிரிவும் அட்டைக்குச் சமம்.

பதிந்த இடத்தில் மட்டுமே பார்க்க வேண்டும் என்ற விதிதான் இப்போது அசைகிறது. ஊரில் பதிந்துவிட்டு வேறு மாகாணத்தில் கட்டட வேலை செய்பவர் சளிக்காய்ச்சலுக்கு ஊர் திரும்ப முடியாது. கைக்காசு போட்டுத் தனியாரிடம்தான் போவார். உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு, எந்த மருத்துவமனையானாலும் முதல் 72 மணி நேரம் கட்டணமில்லை என்ற விதி 2017இலேயே வந்துவிட்டது. 2024 ஜனவரியில் பிரே, பெட்சபுரி, ரோய் எட், நராதிவாட் ஆகிய நான்கு மாகாணங்களில் அடுத்த படி: அடையாள அட்டை ஒன்றைக் காட்டி, பதிவு எங்கே இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ மருந்துக்கடையிலோ பார்த்துக்கொள்ளலாம். பிறகு நாடெங்கும் விரிவாக்கினார்கள். புலம்பெயர்ந்து வேலை செய்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் தலைக்கணக்கின் அடித்தளமே பதிவுதான். 50,000 பேருக்கான பணம் ஒரு மாவட்ட மருத்துவமனையிடம் முன்கூட்டியே இருக்கும்போது, அவர்களில் பலர் வேறிடத்தில் பார்த்துக்கொண்டால் அந்தச் செலவை யார் கணக்கில் பிடிப்பது? பதிவு உள்ள மருத்துவமனையில் பிடித்தால், ஊரிலேயே இருக்கும் முதியவர்களுக்கான மருந்துப் பணம் குறையும். மைய நிதியிலிருந்து வருகைக்கு இவ்வளவு என்று கொடுத்தால், எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் பழைய ஆசை திரும்பும். சிகிச்சைக் குறிப்புகள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகவில்லையென்றால், நீரிழிவு நோயாளிக்கு மூன்று இடத்தில் மூன்று விதமாக மாத்திரை எழுதப்படும். மாவட்ட மருத்துவமனைகளின் வங்கிக் கணக்கு இருப்பையும், மாகாண மருத்துவமனை வாசலில் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நிற்கும் கூட்டத்தையும் மாதாமாதம் அளந்தால், இந்தப் படி யாருக்கு மருத்துவத்தைக் கிட்டே கொண்டுவந்தது, யாரிடமிருந்து தள்ளிவைத்தது என்பது தெரிந்துவிடும்.